மாதம் எவ்வளவு என்பது முதல் கேள்வியல்ல



ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைத் தவிர வேறு பட்டம் என்னிடம் இல்லை. பேங்கில் வேலை பார்த்தவளும் அல்ல, வக்கீலும் அல்ல. ஆனால் தோட்டத்துப் பள்ளி ஆசிரியையின் வேலை பள்ளி மணி அடித்ததும் முடிந்துவிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டு, இ.பி.எப். பாரம், கோர்ட்டுக் கடிதம் என்று மலாயில் எது வந்தாலும், "டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அண்மைக் காலத்தில் அப்படி என்னிடம் அதிகமாக வருபவை வண்டிக் கடன் காகிதங்கள்தாம். அவற்றைப் படித்துப் படித்து நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு வண்டி ஆடம்பரமல்ல. பஸ் வராத செம்மண் பாதையில், நடுராத்திரியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி இல்லாத வீட்டின் நிலை என்ன என்பதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். செம்பனைக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் பாசிர் கூடாங்குக்கும் செனாய்க்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வண்டி வேண்டும். வாங்கத்தான் வேண்டும். எப்படி வாங்குவது என்பதுதான் பேச்சு.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். நான்காம் ஆண்டு. வாய்ப்பாட்டில் கெட்டிக்காரன். அவனையும் அவன் தங்கையையும் தகப்பனார் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் ஆறு கட்டை தூரம் ஏற்றிவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விசாரித்தேன். செம்பனைக் குலை வெட்டும்போது தகப்பனாருக்குக் காலில் அடிபட்டிருக்கிறது. இரண்டு மாதம் சரியாக வேலைக்குப் போக முடியவில்லை. தவணை நின்றது. ஒரு நாள் மாலை இரண்டு பேர் வந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. வண்டிக் கடன் எனக்கு வெறும் பணக் கணக்காகத் தெரியாமல் போனது அப்போதுதான். அந்த மோட்டார் சைக்கிள் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாடகையா, விற்பனையா?

நாம் "தவணைக்கு வாங்கினேன்" என்கிறோம். ஆனால் காகிதத்தில் இருக்கும் மலாய்ச் சொல்லைக் கவனியுங்கள்: சேவா பெலி. சேவா என்றால் வாடகை, பெலி என்றால் வாங்குவது. வாடகை முதலில் வருகிறது, வாங்குவது பிறகுதான் வருகிறது. கடைசித் தவணை கட்டும்வரை வண்டி பேங்குக்குச் சொந்தம். நீங்கள் வாடகைக்கு ஓட்டுகிறவர். கடைசித் தவணை கட்டிய பிறகே அது உங்கள் பொருள்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. சிங்கர் தையல் மிஷின் கம்பெனி 1856ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தவணை முறையில் மிஷின் கொடுக்கத் தொடங்கியது. நம் பாட்டிமார் பலர் வீட்டில் இருந்த தையல் மிஷினும் இப்படி மாதாமாதம் கட்டி வந்ததுதான். இங்கிலாந்தில் பியானோவை இப்படி வாங்கினார்கள். 1895இல் லண்டனில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. தவணைக்கு எடுத்த பியானோவை, பணம் கட்டி முடிக்குமுன்பே ஒருவர் அடகுக்கடையில் வைத்துவிட்டார். பியானோ யாருக்குச் சொந்தம்? கொடுத்த கடைக்காரருக்கே சொந்தம், அடகு பிடித்தவருக்கு உரிமை இல்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கட்டி முடிக்காத பொருளை விற்கவும் அடகு வைக்கவும் நமக்கு உரிமையில்லை. இதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் இதற்கென்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கார், மோட்டார் சைக்கிள் முதலியவற்றை சேவா பெலி முறையில் எடுப்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் இது. பாதுகாப்பு காகிதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது நம் கையில் இருக்கிறது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் போட்ட கணக்கு

விற்பனையாளர் முதலில் சொல்வது என்ன? "மாதம் இவ்வளவுதான் அக்கா!" நாமும் முதலில் கேட்பது அதைத்தான். தவணை சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறோம். அடங்கினால் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். அங்கேதான் பேரம் நம் கையைவிட்டுப் போகிறது. ஏனென்றால், எவ்வளவு விலை உயர்ந்த வண்டிக்கும் ஆண்டுகளை நீட்டினால் மாதத் தவணை சிறியதாகத்தான் தெரியும்.

விழுக்காட்டுப் பாடம் நடத்தும்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைக் கொடுப்பேன். நீங்களும் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரின் ரொக்க விலை 40,000 வெள்ளி. பத்தில் ஒரு பங்கு, அதாவது 4,000 வெள்ளி முன்பணம். கடன் 36,000 வெள்ளி. வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு, மாறாத முதலுக்கு. ஒன்பது ஆண்டுத் தவணை.

36,000க்கு ஓராண்டு வட்டி 1,260 வெள்ளி. ஒன்பது ஆண்டுக்கு 11,340 வெள்ளி. முதலையும் வட்டியையும் கூட்டினால் 47,340. அதை 108 மாதத்தால் வகுத்தால் மாதம் 438 வெள்ளி 33 காசு.

இதே கடனை ஐந்து ஆண்டில் கட்டினால்? வட்டி 6,300 வெள்ளி. மாதத் தவணை 705 வெள்ளி.

மாதத் தவணை 267 வெள்ளி குறைவாகத் தெரிவதற்காக நாம் 5,040 வெள்ளி அதிகம் கொடுக்கிறோம். சென்ற முறை இந்தக் கணக்கைப் போட்டபோது ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒன்பது வருஷ வட்டிக்கு இன்னொரு மோட்டார் சைக்கிள் வாங்கலாமே!" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது உண்மைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 3.5 விழுக்காடு என்பது கேட்கக் குறைவாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டியோ கடைசிவரை முழு 36,000க்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், மேலே சொன்ன ஒன்பது ஆண்டுக் கடனின் உண்மை வட்டி ஏறத்தாழ 6.3 விழுக்காடு. ஆகவே இரண்டு இடங்களில் வட்டியை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவையா என்று கேளுங்கள். மாறாத வட்டி முறையை மாற்றி, குறையும் பாக்கிக்கே வட்டி என்ற வழிக்குக் கொண்டுவர அரசாங்கமும் முற்பட்டிருக்கிறது. கையெழுத்திடும் நாளில் உங்கள் ஒப்பந்தம் எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் அம்மா பேசிய பேரம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு வந்தார். மகனுக்குப் பாசிர் கூடாங்கில் வேலை. கார் வேண்டும் என்கிறான். பட்டணத்தில் ஒரு கடையில் எல்லாம் பேசி முடிந்துவிட்டதாம். மேலே சொன்ன அதே கணக்கு: 40,000 வெள்ளிக் கார், மாதம் 438. மறுநாள் தகப்பனார் போய் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

பையைத் திறந்து பார்த்தேன். பாரங்களில் விலை எழுதவில்லை, வட்டி எழுதவில்லை, எத்தனை மாதம் என்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"அக்கா, காலிப் பாரத்தில் கையெழுத்து வாங்குவதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. எல்லாவற்றையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள்," என்றேன்.

அந்த அம்மா பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சந்தையில் மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதவர். கார்க் கடையில் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? நான் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அவர் மகனோடு ஒரு கடையல்ல, மூன்று கடை ஏறி இறங்கினார்.

முதல் கேள்வி: ரொக்க விலை எவ்வளவு? காகிதத்தில் இதை ஹர்கா துனாய் என்று போட்டிருப்பார்கள். ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், பதிவுச் செலவு ஆகியவை அதில் சேர்ந்தவையா, தனியா? இப்படிக் கேட்டபோதுதான் தெரிந்தது, முதல் கடையில் சொன்ன விலையில் கேட்காத அலங்காரச் சாமான்களுக்கு மட்டும் 1,500 வெள்ளி சேர்த்திருந்தார்கள். வேண்டாம் என்றதும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் கேள்வி: வட்டி எவ்வளவு, எந்த பேங்க்? கடைக்காரர் காட்டும் பேங்கில்தான் கடன் எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மகனின் சம்பளம் போடும் பேங்கில் கேட்டபோது 3.2 விழுக்காட்டுக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் கேள்வி: முன்பணமும் தவணையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? இதுதான் உயிரான கேள்வி. ஒரே ஒரு தொகை. அதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா இன்னொரு காரியமும் செய்தார். மகனை ஐந்து மாதம் பொறுத்திருக்கச் சொன்னார். அதுவரை மகன் நண்பனோடு பங்குபோட்டு வேலைக்குப் போனான். சேமிப்பும் போனசும் சேர்ந்து முன்பணம் 4,000 என்பது 6,500 ஆயிற்று.

முடிவில் என்ன ஆயிற்று? விலை 38,500 வெள்ளி. முன்பணம் 6,500. கடன் 32,000. வட்டி 3.2 விழுக்காடு, ஏழு ஆண்டு. வட்டி 7,168 வெள்ளி. மாதத் தவணை 466 வெள்ளி 29 காசு.

முன்பு பேசியதற்கும் இதற்கும் மாதத்தில் வித்தியாசம் 28 வெள்ளிதான். ஆனால் முதல் பேச்சில் முன்பணம் உட்பட மொத்தம் 51,340 வெள்ளி போயிருக்கும். இப்போது 45,668 வெள்ளி. மிச்சம் 5,672 வெள்ளி. கடனும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தீரும். அதே நிறம், அதே கார்!

"முன்பணமே வேண்டாம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். முன்பணத்தை யாரும் நமக்குத் தானம் செய்வதில்லை. காகிதத்தில் விலையை ஏற்றிக் காட்டிக் கடனைக் கூட்டிவிடுவார்கள். அந்த முன்பணத்துக்கும் சேர்த்து நாம் வட்டி கட்டுவோம். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கும்போதும் இரண்டு பேரத்தையும் தனித்தனியாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

தவணையோடு செலவு நிற்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பெட்ரோல், டயர், சர்வீஸ், ஆண்டுதோறும் இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ் எல்லாம் உண்டு. 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் 438 வெள்ளி என்றாலே நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சீட்டுப் பணம், மளிகைக் கடன், பிள்ளைகள் செலவு எல்லாம் மீதியில்தான் நடக்கவேண்டும். கடைக்குப் போகுமுன் மூன்று மாதம் அந்தத் தவணைத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். வீடு தாங்கினால் வாங்குங்கள். அந்தப் பணமும் முன்பணத்துக்கு ஆகும்.

பழைய காராக இருந்தால்

பழைய காரைத் தவணைக்கு எடுப்பதானால் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜொகூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் மாநிலத்தை வெள்ளம் எப்படிப் புரட்டிப்போட்டது என்பது நினைவிருக்கும். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பக்கமெல்லாம் மறுபடியும் வெள்ளம். தண்ணீரில் மூழ்கிய வண்டியும் துடைத்து மெருகேற்றிய பிறகு விற்பனைக்கு வரலாம். காலடிப் பாயைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக்கறை இருந்தால் அந்த வண்டி குளித்து வந்த வண்டி. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஐம்பது வெள்ளி வீண்போகாது.

மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மோட்டார் சைக்கிள் கடனுக்குப் பொதுவாகக் காரைவிட வட்டி அதிகம். மேலும், கடையிலேயே கொடுக்கும் எல்லாக் கடனும் சேவா பெலி அல்ல. "இது 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவா பெலியா, வேறு வகைக் கடனா?" என்று கேளுங்கள். வேறு வகையானால் நான் கீழே சொல்லப்போகும் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஜாமீன் என்னும் கையெழுத்து

மலாயில் பெஞ்சாமின் என்பார்கள். நம்முடைய ஜாமீனும் அதுவும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. எந்த மொழியில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்.

மாமன் மகன், கூட வேலை செய்பவர், கோவில் கமிட்டி நண்பர் என்று யாராவது வந்து "சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்பார்கள். சும்மா போடும் கையெழுத்து என்று உலகத்தில் எதுவும் இல்லை. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் ஒரு நிம்மதி தந்திருக்கிறது. இலாப நோக்கமில்லாமல், ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சேவா பெலி வண்டிக்கு ஜாமீன் போட்டவரை நொடிப்பு நிலைக்குத் தள்ள முடியாது. ஆனால் கடன் நம்மைவிட்டுப் போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. பணம் கேட்டு வழக்குப் போடலாம். ஆகவே, அந்தத் தவணையை நீங்களே கட்டவேண்டி வந்தால் உங்கள் வீடு தாங்குமா என்று யோசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். எடுத்தால், ஒப்பந்தத்தின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் உரிமை.

இதைவிட ஆபத்தானது ஒன்று நம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. சம்புங் பாயார் என்று சொல்கிறார்கள். தவணை கட்ட முடியாதவர், கொஞ்சம் கைப்பணம் வாங்கிக்கொண்டு, "மீதியை நீ கட்டிக்கொள்" என்று காரை இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார். பேங்குக்குத் தெரியாது. மேலே சொன்ன பியானோ கதைதான் இது. கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை இல்லை. வாங்கியவருக்கு வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. எடுத்தவர் கட்டாமல் விட்டால் கடனும் சம்மனும் முதல் ஆளின் பெயருக்கே வரும். எடுத்தவர் ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி அவர் பெயருக்கு மாறாது; விபத்து நேர்ந்தால் இன்சூரன்சும் சிக்கலாகும். பேங்கை ஏமாற்றி வண்டியைக் கைமாற்றுவது குற்றம் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகள் திடீரென்று ஒரு பெரிய காரில் வந்து இறங்கினால், "யார் பெயரில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

தவணை நின்றுவிட்டால்

மனிதருக்குக் கஷ்டகாலம் வரத்தான் செய்யும். நோய் வரும், வேலை போகும். அப்போது ஒளிந்துகொள்வதுதான் மிகவும் கெடுதி. பேங்குக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை மத்திய வங்கி 2006இல் ஏற்படுத்தியது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அவசரத்துக்கு ஆ லோங்கிடம் ஓடிப்போய் தவணை கட்டாதீர்கள். அது கொசுவுக்குப் பயந்து பாம்புப் புற்றில் படுப்பது போன்றது.

சேவா பெலிச் சட்டப்படி, ஒரு தவணை தாமதமானதும் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை நின்றிருக்க வேண்டும், அல்லது கடைசித் தவணை நின்றிருக்க வேண்டும். பிறகு நான்காம் அட்டவணைக் கடிதம் எழுத்து மூலமாக வரவேண்டும். மலாயில் ஜாடுவல் கெஎம்பாட் என்று தலைப்பிட்டிருக்கும். அதிலிருந்து 21 நாள் அவகாசம் உண்டு. வண்டியை எடுத்த பிறகும் உடனே விற்றுவிட முடியாது. ஐந்தாம் அட்டவணைக் கடிதம் கொடுத்து மேலும் 21 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் பாக்கியைக் கட்டி மீட்கலாம். தவணை கட்டியவர் இறந்துவிட்டால், தொடர்ந்து நான்கு தவணை நிற்கும்வரை குடும்பத்துக்கு அவகாசம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

அந்த மாணவனின் மோட்டார் சைக்கிளுக்கு இப்போது வருகிறேன். தகப்பனாரை நொண்டியபடியே பள்ளிக்கு வரச்சொல்லி, வீட்டில் இருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒப்பந்தமும் இருந்தது, ரசீதுகளையும் அந்த மனிதர் ஒன்றுவிடாமல் நூலில் கோத்து வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தோம். 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்! கடிதம் எதுவும் வரவில்லை, கோர்ட்டு உத்தரவும் இல்லை. உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். ரசீதுகளின் நகல்களையும் இணைத்தோம். சில நாட்களில் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. நின்ற தவணைகளைப் பிரித்துக் கட்ட ஏற்பாடும் ஆயிற்று. அந்த வீட்டைக் காப்பாற்றியது நானல்ல. நூலில் கோத்த அந்த ரசீதுகள்தாம். தவணையைப் போனில் கட்டுகிறவர்களும் ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

முன்கூட்டியே கட்டி முடிப்பவர்களுக்கு

இ.பி.எப். பணமோ, மகளின் சம்பளமோ கைக்கு வந்ததும் கடனை ஒரேயடியாக அடைத்துவிட நினைப்போம். நல்ல எண்ணம்தான். ஆனால் மாறாத வட்டி முறையில் எழுதப்பட்ட பழைய ஒப்பந்தம் உங்களிடம் இருந்தால் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 78 விதி என்று அதற்குப் பெயர். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருமல்லவா, அதனால் அந்தப் பெயர். அந்த விதிப்படி வட்டியின் பெரும்பகுதி ஆரம்ப ஆண்டுகளிலேயே கழிந்துவிடும்.

நம் 11,340 வெள்ளி வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் கடனை அடைத்தால் வட்டியில் ஏறத்தாழ 5,063 வெள்ளி தள்ளுபடி கிடைக்கும். காலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போனது. வட்டியிலோ பாதிக்கு மேல் போய்விட்டது. எட்டு ஆண்டு முடிந்து அடைத்தால் தள்ளுபடி 150 வெள்ளிதான். ஆகவே அடைப்பதானால் சீக்கிரம் அடைக்க வேண்டும். கடைசி ஆண்டில் கையில் பணம் இருந்தால் அதை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்வதே மேல். எதற்கும் முதலில் பேங்கில் அடைப்புத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாசகர்களே, கடைசியாக ஒரு யோசனை. மலாய்க் காகிதம் நமக்குப் புரியாது என்று பெரியவர்கள் தயங்குகிறீர்கள். உங்கள் வீட்டிலேயே படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஹர்கா துனாய் என்றால் ரொக்க விலை. டெபாசிட் என்றால் முன்பணம். அன்சுரான் புலானான் என்றால் மாதத் தவணை. ஜாடுவல் கெடுவா என்ற இரண்டாம் அட்டவணைக் காகிதத்தில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கும். ஒப்பந்தத்துக்கு முன்பே அதை உங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் விரல்விட்டுக் கணக்குப் பாருங்கள். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை" என்று யாராவது அவசரப்படுத்தினால், காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள். கார் நாளைக்கும் அங்கேதான் நிற்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. பால்மரத்திலும் செம்பனைக் காட்டிலும் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தை அளக்காமல் போடலாமா?